சொந்த விருப்பத்தின் பேரில்

நான் படித்தது நாலாம் வகுப்பு. வேலை பார்த்தது பதினோரு இடம். அந்தப் பதினோரு இடத்திலும் ஒரு முதலாளிகூட என்னைப் பார்த்து, "நாளையிலிருந்து வராதே" என்று சொன்னதில்லை. ஒவ்வொரு இடத்திலும் நானாகத்தான் நின்றேன். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் வேலை மாறப் போகிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன், எழுபது வயதில் இதைக்கூடச் சொல்லிக்கொள்ளாவிட்டால் எப்படி?

ஆத்தூரில் ஜவ்வரிசி மில்லில் தொடங்கினேன். ஈர ஜவ்வரிசியைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, வெயில் ஏற ஏறக் கிளறிவிடும் வேலை. கண்ணில் வெள்ளை வெள்ளையாக அடிக்கும். ஆறே மாதத்தில், கையில் அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தே எது காய்ந்தது, எது காயவில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். மேஸ்திரியே என்னைக் கேட்டுத்தான் மூட்டை பிடித்தார். அதற்கப்புறம் அங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாழப்பாடியில் நெல் மில், எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை, பிறகு லாரி. கிளீனராக ஏறி டிரைவராக இறங்கினேன். டிரைவர் வேலையிலும் ஓனர்களை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

என் கணக்கு ஒன்றுதான். ஒரு வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடிகிறதென்றால் அந்த வேலையில் நமக்குக் கிடைக்க வேண்டியது முடிந்துவிட்டது, கிளம்பிவிட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் மண்டையில் விளைந்தது.

என் சம்சாரம் பார்த்தது ஒரே ஒரு வேலை. பத்தாவது தேறியவள். எங்கள் ஊர்க் கிளைத் தபால் ஆபீசில் அவள்தான் போஸ்ட்மாஸ்டர். மாரியம்மன் கோயிலை ஒட்டிய வீட்டில் முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேசை, பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, இரும்பு முத்திரை, கறுப்பு மை. காலையில் போனதும் முதல் வேலையாக முத்திரையைத் திருப்பி வைத்து, நேற்றைய தேதி எழுத்துகளை எடுத்துவிட்டு இன்றைய எழுத்துகளைப் பொருத்துவாள். பழைய பேப்பரில் ஒரு குத்துக் குத்திப் பார்ப்பாள். கோணலாக விழுந்தால் கழற்றி மறுபடி மாட்டுவாள். அது நேராக விழுந்த பிறகுதான் ஜன்னலைத் திறப்பாள். லோடு இறக்கிவிட்டு ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் வாசலில் நின்று இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தேதி மாற்ற இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்போது லாரியிலும் போர்வெல் போடும் ரிக் வண்டியிலும் வடக்கே கிடந்தார்கள். கடிதங்கள் நாக்பூரிலிருந்தும் ராய்ப்பூரிலிருந்தும் வரும். படிக்கத் தெரியாத பெண்களுக்கு அவளே படித்துக் காட்டுவாள். புருசன்காரன் கோபத்தில் எழுதின கெட்ட வார்த்தை வந்தால் நிறுத்தாமல் தாண்டிப் படித்துவிடுவாள், கேட்கிறவளுக்குத் தெரியாது. நான் வேறு ஆளை வைத்து எழுதிப் போட்ட கடிதங்களும் அவள் கைக்குத்தான் வரும். அவற்றின் முதுகிலும் முத்திரை குத்தி, ஊராரின் கடிதங்களையெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, மத்தியானம் ஆபீசை மூடிவிட்டுத்தான் பிரிப்பாளாம்.

"நம்மூட்டுக் காயிதத்துக்கு எதுக்கு புள்ளே சீலு?" என்று சிரித்தேன் ஒருமுறை.

"போஸ்டாபீசுக்கு வந்த காயிதமுங்க. சீலு குத்தாம எப்பிடி எடுத்துட்டு வாரது?"

ஒன்பது வருசம் அப்படி.

பிறகு நான் சொந்த லாரி எடுத்தேன். ஓட்டு வீட்டுக்காரன் மகன், நாலாம் வகுப்பு, சொந்தப் பேரில் லாரி. எங்கள் பங்காளிகளில் நான்தான் முதல். பாடி கட்டி, பெயிண்ட் வாசம் போகாத வண்டியை நாமக்கல்லிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வந்து கோயில் முன்னால் நிறுத்தினேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். பக்கத்து ஜன்னலில் என் சம்சாரம் ஒரு கிழவிக்கு விலாசம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது வேலை நேரம். பூசைத் தட்டு சுற்றும்போது பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஏண்டா, லாரி ஓனரு ஆயிப்போட்டே. அம்மிணி இன்னும் அங்க ஒக்காந்து சீலு குத்திட்டுத்தான் இருக்குது. வண்டிக்கு டீசல் போடறது நீயா, அந்தப் புள்ளையா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் சனத்தில் ஒருத்தன் சொந்த வண்டி எடுத்துவிட்டால் அவன் வீட்டுப் பெண் வெளி வேலைக்குப் போகக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. போனால் வண்டி ஓட்டம் சரியில்லை என்று பேசுவார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி இறக்கிவிட்டு, கேபினில் உட்கார்ந்தபடியே சொன்னேன்: "இந்த மாசத்தோட நின்னுக்கும்." அவளிடம் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்துச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும், "ராஜினாமாக் காயிதம் எழுது" என்றேன். எனக்கு எழுத வராது. அவள்தானே எழுத வேண்டும். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னன்னு எழுதட்டுங்க?"

"ஒம்பது வருசமாச்சு. கண்ண மூடிட்டுச் செய்யற அளவுக்குப் பழகிப்போச்சுல்ல? அப்பறம் அதுல என்ன இருக்குது? நானெல்லாம் எத்தன எடத்துல உட்டுப்போட்டு வந்திருக்கறேன்."

"அது உங்குளுக்குங்க."

அவள் சொன்னது அவ்வளவுதான். எழுதினாள். படித்துக் காட்டச் சொன்னேன். "என் சொந்த விருப்பத்தின் பேரில் இப்பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று வந்தது. எவ்வளவு லட்சணமாக எழுதுகிறாள் என்று அந்த நேரத்தில் பெருமையாக இருந்தது எனக்கு. அதை இப்போது நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

பத்து நாள் கழித்துத் தபால் இலாகா அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். கடிதத்தை மேசையில் வைத்துக் கேட்டார்:

"இது நீங்களா எடுத்த முடிவாம்மா?"

வாசலில் நின்றிருந்த நான், "ஆமாங்க சார்" என்றேன்.

அவர் திரும்பாமலேயே, "நான் அம்மாவைக் கேட்டேன்" என்றார்.

அவள் முத்திரையை மைப்பெட்டி மேல் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அந்த மனுசன் அவசரப்படுத்தவில்லை. வெளியே என் வண்டி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தவில்லை.

"ஆமாங்க சார்" என்றாள்.

கடைசி நாளைக்கு மறுநாள் காலை அதே நேரத்துக்கு எழுந்தாள், குளித்தாள், தலை வாரிக் கொசுவம் மடிப்பெடுத்துச் சேலை கட்டினாள். அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அப்படி எத்தனை நாள் செய்தாள் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் நான் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டேன்.

ஒரு லாரி நாலு லாரியானது. மாடி வீடு கட்டினேன். ஊரில் முதல் போர்வெல், முதல் கார், எல்லாம் என்னுடையதுதான். என் வண்டிகளின் பர்மிட், எஃப்சி தேதியெல்லாம் அவள்தான் நினைவு வைத்துச் சொல்வாள். ஒரு தேதிகூடத் தவறியதில்லை. அவளும் சந்தோசமாகத்தான் இருக்கிறாள் என்று இருபது வருசம் நம்பினேன்.

லாரிகளை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அவளோடு தெருவில் நடந்தேன். மாவு மில்லுக்குக் கோயில் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிசம். அவள் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"ஏன் புள்ளே இப்பிடிச் சுத்தறே?"

"இந்தப் பக்கம் நெழலா இருக்குதுங்க."

நான் அண்ணாந்து பார்த்தேன். அந்த வழியில் ஒரு மரம் கிடையாது. கோயில் தெருவில்தான் ரெண்டு வேம்பும், அந்தப் பழைய ஜன்னலும் இருக்கின்றன. ஆபீஸ் இன்னும் அங்கேதான் நடக்கிறது. வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

போன மாதம் எங்கள் மகள் போன் செய்தாள். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை சொந்தமாகக் கடை வைத்துவிட்டார். அவர் வீட்டில் இனி வேலை எதற்கு என்கிறார்களாம்.

"எனக்கும் கொஞ்சம் சலிப்பாத்தான் இருக்குதுங்கப்பா. வேல உடறதுல நீங்கதான் கில்லாடி. நீங்களே சொல்லுங்க."

நான் தொண்டையைச் செருமினேன். என் கணக்கு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் என் சம்சாரம் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"கண்ணு, இது நீயா எடுத்த முடிவா?"

அன்றைக்கு அந்த அதிகாரி காத்திருந்த மாதிரியே அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"தெரியலீம்மா" என்றது போன்.

"தெரியற வரைக்கும் ஒண்ணையும் எழுதிக் குடுத்துப்போடாத சாமி. எழுதினா எழுதினதுதான்."

போனை வைத்துவிட்டு மாவு டப்பாவை எடுத்தாள். பதினோரு இடத்தில் வேலையை விட்டவன் நான் என்று மார்தட்டுகிறேனே, அந்தப் பதினொன்றில் ஒன்றிலாவது எழுத்து நேராக விழுகிற வரைக்கும் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறேனா? சரியான வேலை என்று ஒன்று எனக்குக் கிடைக்கவே இல்லை. அதனால்தான் அவள் கையில் இருந்தது அதுதான் என்று அடையாளம் தெரியவில்லை.

"அன்னிக்கு அந்த சார் உன்னையத்தான் கேட்டாரு. நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது" என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மில்லு சாத்திப்போடுவானுங்க. வாரதுன்னா வாங்க."

டப்பாவை நான் வாங்கிக்கொண்டேன். கோயில் தெரு முனை வந்தது. அவள் திரும்பவில்லை, பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. நானும் அந்த வழியிலேயே போனேன்.