பேங்கில் மாட்டிக்கொண்ட காசு

வெங்காய வியாபாரத்தில் ஒரு வாக்கியம் உண்டு. "காசு பேங்குல மாட்டிக்கிச்சுங்க, ரெண்டு நாள்ல வந்துடும்." வெளியூர் யாவாரி லாரி நிறையக் காய் ஏற்றிக்கொண்டு போய், பல நாள் போனை எடுக்காமல் இருந்து, தப்பித் தவறி எடுத்துவிட்டால் சொல்கிற வாக்கியம் அது. பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயம் போடுகிற எந்த விவசாயியிடமும் சொல்லிப் பாருங்கள். முகம் போகிற போக்கிலேயே எத்தனை தடவை ஏமாந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். நானே அந்த யாவாரிகளைப் போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதைச் சொல்லிக் காட்டி நாலு பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். பிறகு ஒரு புரட்டாசியில் அதே வாக்கியத்தை நானே சொல்ல வேண்டி வந்தது. நான் சொன்னது உண்மை. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

நான் பி.காம். படித்தவள். படித்துவிட்டு ரோட்டோரத்தில் வெங்காயம் விற்கிறாளே என்று உடையார்பாளையம் பக்கம் இருக்கிற என் பிறந்த வீட்டுக்கு இன்னும் ஆற்றாமை. கணவர் அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அவர் சம்பளம் வாடகைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் சரியாகப் போய்விடும். நான் பெரம்பலூருக்குத் தெற்கே நெடுஞ்சாலை ஓரமாகத் தார்ப்பாய்ப் பந்தல் போட்டு, காரில் போகிறவர்களுக்கு வலைப் பையில் வெங்காயம் விற்கிறேன். அது அன்றாடச் செலவுக்கு. கொஞ்சம் காசு பார்ப்பது விதை வெங்காயத்தில்தான். விவசாயிகளிடம் பட்டறையோடு வாங்கி, நடவுக்குக் கேட்கிறவர்களுக்கு அனுப்புவேன்.

பட்டறை என்பது வயல் மேட்டில் கழி நட்டு, தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, வெங்காயத்தைத் தாளோடு அடுக்கி, மேலே கரும்புச் சோகை போட்டு மூடி வைக்கிற கூடு. அதற்குள் இருக்கிற வரை காய் மாதக்கணக்கில் கெடாது. பிரித்துவிட்டால் கதை வேறு. அன்றைக்கே தாளை அறுத்து, சலித்து, மூட்டை பிடித்து, வண்டி ஏற்றிவிட வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் உள்ளே சூடேறிவிடும், மழை பட்டால் அழுகிவிடும். அறுத்த தாளை ஒட்டவைத்து மறுபடி அடுக்க யாராலும் முடியாது.

அதனாலும், பல தடவை ஏமாந்ததாலும்தான் இங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். யாவாரி முதலில் அச்சாரம் கொடுக்க வேண்டும். அச்சாரம் விழுந்த பட்டறையை வேறு யாவாரி ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். பிரிக்கிற அன்று முழுப் பணமும் விவசாயி கைக்கு வந்த பிறகுதான் முதல் மூட்டை வண்டியேறும். நான் பல வருஷம் மஞ்சப்பையில் பணத்தை வைத்து, பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனவள்.

மஞ்சப்பையை விடவைத்தவர் எங்கள் பேங்க் மேனேஜர். ஒரு நாள் என் பந்தலில் காரை நிறுத்தி வெங்காயம் வாங்கியவர், என் கணக்கு தன் கிளையில் இருப்பது தெரிந்ததும் அங்கேயே பாடம் எடுத்தார். "மேடம், கேஷ்ல பண்ணாதீங்க. எல்லாத்தையும் அக்கவுண்ட் வழியா பண்ணுங்க. நாளைக்கு நீங்க பெருசா லோன் கேட்டா நான் எதைப் பாத்துக் குடுப்பேன்?" என்னை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. மயங்கிவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். ஸ்கேன் பண்ணுகிற அட்டை வந்தது. காசு விழுந்தால் உரக்கச் சொல்கிற டப்பா வந்தது. வருகிற ஒவ்வொரு ரூபாயும் கணக்குக்கே போனது. பிறகு கிளையில் ஒரு விழா வைத்து, எனக்குப் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார்கள். படத்தில் நான் பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு ஈயென்று இளிப்பேன்.

அந்த மிதப்பில்தான் பெரியப்பாவையும் அந்தக் கிளைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்த உறவில்லை. செட்டிகுளம் பக்கத்து விவசாயி, வருஷா வருஷம் என்னிடம்தான் பட்டறை கொடுப்பார், பெரியப்பா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. என்னை அவர் பாப்பா என்பார். "காசக் கண்ணால பாக்காம எப்படி பாப்பா?" என்று தயங்கியவரை நான்தான் அதட்டினேன். "இன்னமும் மஞ்சப்பையக் கட்டிக்கிட்டு அழுவாதீங்க பெரியப்பா. நான் இங்கேருந்து அனுப்புனா அங்க உங்க போன்ல வந்து நிக்கும்." முந்தின பட்டறைக்கு அப்படியே வந்து நின்றது. அவருக்குச் சந்தோஷம். எனக்கு அவரைவிட.

அந்தப் புரட்டாசியில் அவருக்கு ஒரு அவசரம் இருந்தது. வைகாசியில் மகளைக் கட்டிக் கொடுத்திருந்தார். ஐப்பசியில் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவதாக நாலு பேர் முன்னால் பேசியிருந்தார். பட்டறைப் பணம்தான் மோதிரம். "உன்னய நம்பித்தான் நாள் குறிச்சிருக்கேன் பாப்பா" என்றார். பணம் என் கணக்கில் முழுசாக இருந்தது. நானும் சரி என்றேன்.

காலையிலேயே பட்டறையைப் பிரித்துவிட்டார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தாள் அறுத்தார்கள். மதியத்துக்குள் மூட்டை தைத்து, என் அடையாளத்தைச் சிவப்பு மையில் போட்டாயிற்று. வண்டிக்காரர் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் போனை எடுத்துப் பணத்தை அனுப்பினேன். போகவில்லை. மறுபடி அனுப்பினேன். சிவப்பில் ஏதோ காட்டி நின்றுவிட்டது. டவர் இல்லை போல என்று வரப்பு வரப்பாக நடந்து பார்த்தேன். பெரியப்பா சிரித்துக்கொண்டே, "மெதுவா அனுப்பு, காசு எங்க ஓடிப்போவுது" என்றார்.

பஸ் பிடித்து டவுனுக்கு ஓடினேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை புதிது. "ஏம்மா, உன் அக்கவுண்ட ஃப்ரீஸ் பண்ணியிருக்காங்க. யாருகிட்ட காசு வாங்குன?" என்றார். வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் யாரையோ யாரோ போனில் ஏமாற்றியிருக்கிறார்கள். அந்தத் திருட்டுப் பணம் கை மாறிக் கை மாறி, அதில் ஒரு துளி என் கணக்குக்கும் வந்திருக்கிறதாம். அந்த ஊர்ப் போலீஸ் நிறுத்தச் சொல்லிவிட்டதாம்.

"சார், ரோட்டுல போற வர்றவங்க வெங்காயம் வாங்குறாங்க. யாரு காசு எங்கேருந்து வருதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? நீங்கதான அந்த அட்டைய மாட்டச் சொன்னீங்க?"

"அதெல்லாம் பேசாத. எங்க கையில ஒண்ணுமில்ல. அந்த ஸ்டேஷன்ல பேசிக்க."

"அந்தக் காச மட்டும் நிறுத்துங்க சார். மிச்சம் என் காசுதான?"

"அங்க உக்காரும்மா, பாக்கலாம்" என்று வெளியே பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே பொன்னாடையோடு நான் இளித்துக்கொண்டிருந்தேன். பணம் கட்ட வந்த ஒருவர் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "நீங்கதானாக்கா இது?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஸ்டேஷன் நம்பர் ஒன்று கொடுத்தார்கள். அடித்தால் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தவர் இந்தியில் இரைந்துவிட்டு வைத்தார். நகையை வைத்துப் புரட்டலாம் என்றால், சங்கிலியும் வளையலும் சீசன் முதலுக்காக அதே கிளையில் ஏற்கெனவே அடகில் கிடந்தன. என் நகை அவர்கள் பெட்டியில், என் பணம் அவர்கள் கணக்கில், வட்டி மட்டும் என் பேரில். டப்பாவுக்கு மாத வாடகை பிடிக்க முடியவில்லை என்று அபராதக் குறுஞ்செய்தி வேறு வந்தது. பஸ்ஸில் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து சீட்டு அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

வயலுக்குத் திரும்பியபோது வண்டிக்காரர் போய்விட்டிருந்தார். பெரியப்பா மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வேறு வேறு வார்த்தைகளாகத் தேடிக்கொண்டு வந்தேன். வாயில் வந்தது அதுதான்.

"காசு பேங்குல மாட்டிக்கிச்சு பெரியப்பா."

அவர் என் முகத்தையே பார்த்தார். நானும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். "சரி பாப்பா, நாளைக்கிப் பாப்போம்" என்றார். அவர் மனைவி மட்டும், "அன்னிக்கே சொன்னேன், கைல காசு வாங்காம பட்டறையப் பிரிக்காதன்னு" என்று என் காதில் விழும்படி சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வட்டிக்குக் கொடுக்கிறவரிடம் போனேன். அடமானமே இல்லாமல் அவர் கொடுத்தது தாள் அறுத்த பெண்களின் கூலிக்குத்தான் காணும். மறுநாள் காலையில் பெரியப்பாவிடம், "என் அச்சாரத்த மறந்துடுங்க, வேற யாருக்காவது போடுங்க" என்று நானே சொன்னேன். மற்ற யாவாரிகளுக்கும் போன் பண்ணினேன். அவர்கள் வந்து பார்த்தார்கள். மூட்டையில் என் அடையாளம் சிவப்பாக இருந்தது. அச்சாரம் கொடுத்தவளே விட்டுவிட்டுப் போகிறாள் என்றால் காயில் ஏதோ கோளாறு என்று ஒருத்தர் கிளப்பினார். காயில் ஒன்றுமில்லை, என் கணக்கில்தான் கோளாறு என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. "என்ன கேஸுக்கா?" என்று கேட்டார் ஒருவர். விலையைப் பாதிக்குக் கீழே கேட்டார்கள். பெரியப்பா கொடுக்க மாட்டேன் என்றார். ரோஷக்காரர்.

அன்று பிற்பகல் மழை பிடித்தது. நானும் அவரும் அவர் மனைவியும் தார்ப்பாயை இழுத்து இழுத்து மூடினோம். மழை விட்ட பிறகு மூட்டைக்குள் கையை விட்டால் கொதித்தது. அடுத்தடுத்த நாளில் அந்த வாடை வந்துவிட்டது. வெங்காயம் அழுகுகிற வாடையை ஒரு தடவை மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். தேறியதைப் பொறுக்கி எடுத்து, கேட்ட விலைக்குத் தள்ளினார் பெரியப்பா. அதில் மோதிரத்தின் வளையத்தைக்கூட வாங்க முடியாது.

நான் ஓய்ந்து உட்காரவில்லை. மாவட்டப் போலீஸ் ஆபீசுக்கு நடந்தேன், தெரிந்த வக்கீலைப் பிடித்தேன், பெரம்பலூரில் மார்பிள் பதிக்க வந்த வடநாட்டுப் பையன் ஒருவனைக் கெஞ்சி அந்த வடக்கு ஸ்டேஷனுக்குப் போன் போட்டு இந்தியில் பேச வைத்தேன். கடைசியில் எந்தப் பணம் என்று தெரிந்தது. காரில் வந்த ஒரு குடும்பம், ஐந்து கிலோ, நானூறு ரூபாய். எனக்கு அவர்களை ஞாபகம் இருக்கிறது. அந்த அம்மா விலை குறைக்கச் சொல்லி நச்சரித்தார். குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கொசுறாக ஒரு கை அள்ளிப் போட்டேன். பின்சீட்டுக் குழந்தை எனக்கு டாட்டா காட்டியது.

தீபாவளி முடிந்து ஒரு காலையில் கணக்கு திறந்துவிட்டது. அந்த நானூறை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விட்டுவிட்டார்கள். நான் முதல் நாள் கேட்டதும் அதைத்தான். "மேடம், எல்லாம் சரியாயிடுச்சு பாத்தீங்களா? உங்க பக்கத்துல விக்கிற லேடீஸையும் கூட்டிட்டு வாங்க, எல்லாருக்கும் அட்டை போட்டுடலாம்" என்றார் மேனேஜர். மறுபடி மேடம். பதில் சொன்னால் வாயில் என்ன வருமோ என்று பயந்து, "பணம் எடுக்கணும், கேஷா" என்று மட்டும் சொன்னேன்.

பெரியப்பாவுக்குப் பேசிய விலைக்கும் அவர் கைக்கு வந்ததற்கும் இருந்த வித்தியாசத்தை அப்படியே எடுத்து, பழைய மஞ்சப்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. நான் பொய் சொல்லவில்லை என்பது இந்தப் பையைப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்றார். பாப்பா இல்லை. அவர் மனைவி தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். தீபாவளி எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "மாப்ள காலைல வந்தாரு. மத்தியானமே பஸ் ஏறிட்டாரு. இலை போட்டு வச்சது போட்டபடி கெடந்துச்சு. எம்பொண்ணு திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சு."

நான் வடக்கு, போலீஸ், கார், ஐந்து கிலோ எல்லாவற்றையும் ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதை மாதிரி கேட்டது. பையிலிருந்து பணத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். பெரியப்பா அதைத் தொடாமல் பார்த்தார்.

"இது அப்ப பேங்குல இருந்த காசுங்களா?"

"ஆமா பெரியப்பா, அதே காசுதான்" என்றேன் அவசரமாக. கடைசியில் நம்பிவிட்டார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியப்பா தன் மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப காசு இருந்துருக்கு" என்றார். "இருந்தும் குடுக்கல."

பணத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். என்னிடம், "தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.