ஏழாவது ஜோடிக் கால்

உட்கார்ந்தால் காலை ஆட்டுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. சாப்பிடும்போது ஆட்டுவேன், படிக்கும்போது ஆட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போதும் ஆட்டுவேன். "ஏட்டி, கால ஆட்டாத" என்று வீட்டில் அப்பா ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாரோ, அவருக்கே அலுத்திருக்கும். அவர் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் பையத்தான் கையைத் தூக்குவார். அந்த மனிதருக்குப் பிறந்து, ஒரு இடத்தில் பத்து நிமிஷம் தரிக்காத நான், தொண்ணூறுகளின் நடுவில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவியாகி மைக்ரோஸ்கோப்பின் முன்னால் மாட்டிக்கொண்டேன்.

என் ஆராய்ச்சி நண்டுகளைப் பற்றியது. எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரும் நண்டுக்காரர்தான். நண்டு பொறுக்கத்தான் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். ஆழ்கடல் இறாலுக்குப் போய்த் திரும்பிய ஒரு விசைப்படகு, விலைபோகாத மீன்களைக் கோழித்தீவனத்துக்காகக் குவித்து வைத்திருந்தது. அந்தக் குவியலில் கையை விட்டபோது விரல் நீளத்தில் ஒன்று அகப்பட்டது. வெளிறிய ஓடு, அடுக்கடுக்கான வளையங்கள், வெயிலில் பூனைக்கண் மாதிரி மின்னும் இரண்டு பெரிய கண்கள்.

"டீச்சர், அத ஏன் எடுக்கீய?" என்றார் படகை ஓட்டி வந்தவர். சேலை கட்டிப் பை வைத்திருந்தால் அங்கே எல்லோரும் டீச்சர்தான். "வலையில செத்துக் கெடக்க மீன எல்லாம் அரிச்சுத் தின்னுபுடும். கண்டா கடல்லயே வீசிருவோம்."

எவ்வளவு ஆழத்தில் வலை போட்டார்கள் என்று கேட்டேன். "நூத்தம்பது பாகம் இருக்கும்" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அப்படி விரித்த கைகளின் நீளம் ஒரு பாகம். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அதைப் போட்ட பாட்டிலை மடியில் வைத்து மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் தேடிப் போய்விட்டாள்.

அது ஐசோபாட் என்பது எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. ஐசோபாட்டுகளுக்கு ஏழு ஜோடி நடக்கும் கால்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. நான் கொண்டுவந்ததற்கு ஆறு ஜோடிதான் இருந்தது. ஒரு ஜோடி பிய்ந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிய்ந்த தழும்பு எங்கும் இல்லை. என் பேராசிரியர் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எண்ணினார், மாட்டிக்கொண்டு எண்ணினார். வாலில் இருந்த முட்களும் எங்களிடம் இருந்த புத்தகங்களில் எதனோடும் ஒத்துப்போகவில்லை. "புதுசு மாதிரிதான் தெரியுது" என்றார் கடைசியில். யாரையும் சுலபத்தில் பாராட்டாத மனிதர் அவர். அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

புதிய இனம் ஒன்றை விவரிப்பது என்றால் ஏதோ பெரிய சாகசம் என்று வெளியில் நினைப்பார்கள். அது குமாஸ்தா வேலை. காலைக் கணுக் கணுவாக அளக்க வேண்டும், ஒவ்வொரு முள்ளையும் மயிரையும் அது இருக்கும் இடத்தில் வரைய வேண்டும், தாடைகளைத் தனியே எடுத்து வரைய வேண்டும். இருந்ததோ ஒரே ஒரு பிராணி. அதனால் ஒரு பக்கத்துக் கால்களை மட்டும் கழற்றினேன், மறுபக்கத்தை அப்படியே விட்டேன். முதலில் பென்சிலில் வரைந்து, பிறகு மேலே டிரேசிங் தாள் வைத்து மையால் இழுப்பேன். ஒரு சொட்டு மை சிந்தினால் அந்தத் தாள் குப்பைக்குப் போகும். என் கால் ஆட, மேஜை ஆட, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் பிராணி செத்த பிறகும் நடனமாடிக்கொண்டிருந்தது. ஸ்டூல் கால்களில் என் கால்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்தாலும் பிராணியைக் கெடாமல் வைத்த பார்மலின் வாடைதான் வந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றாத நாளே கிடையாது. ஆனால் ஓடினாலும் அந்த ஆறு ஜோடிக் கால்கள் என் கூடவே வந்தன.

பேர் வைக்கிற கட்டம் வந்தது. சங்கதி எப்படியோ சபை முழுக்கப் பரவிவிட்டது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். "என்னட்டி, பூச்சிக்குப் பேரு வச்சாச்சா? அதுக்கே பேரு வைக்கப் போற, ஒனக்கு எப்ப மாப்பிள்ள பாக்க?" மீன் வயிற்றில் கடலாழத்துக்குள் போய் மீண்டு வந்த தீர்க்கதரிசியின் பெயர்தான் பொருத்தம் என்றார் சபைக் கமிட்டியில் ஒருவர். அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏட்டி, ஆத்துப் பேர வைக்கலாமா?"

"கடல்ல கெடச்சதுக்கு ஆத்துப் பேராப்பா?"

"நம்ம ஆத்துத் தண்ணி அங்கனதான போய்ச் சேருது."

தாமிரபரணியின் பெயரை லத்தீன் மாதிரி வளைத்து எழுதிக் காட்டினேன். அப்பா அந்தத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். எங்கள் சபையில் நல்லது நடந்தால் ஒரு உறையில் ஸ்தோத்திர காணிக்கை போட்டு, எதற்காக என்று ஒரு துண்டுச் சீட்டும் வைப்பார்கள். ஆராதனையின் நடுவில் செயலாளர் அவற்றைச் சத்தமாக வாசிப்பார். காய்ச்சல் நீங்கியதற்காக, பிரயாணத்தில் காத்ததற்காக, பம்பாயில் வேலை கிடைத்ததற்காக. கூச்சப்படுகிறவர்கள் பேர் போட மாட்டார்கள். அன்று அவர் வாசித்தார்: "பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பம், தங்கள் மகள் கடலில் புதிய உயிரைக் கண்டுபிடிக்கக் கிருபை செய்ததற்காக." கோயில் மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. கடலில் உயிர் தேடும் மகள் அந்தச் சபையில் வேறு யார் வீட்டில் இருந்தாள்? எனக்கு ஆத்திரமாக வந்தது. கட்டுரையை இன்னும் பத்திரிகைக்கு அனுப்பவே இல்லை, அதற்குள் என்ன நன்றி? ஆனால் ஆண்கள் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு சண்டை போட மனசு வரவில்லை. அவர் எதற்கும் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

தட்டச்சு செய்த கட்டுரையைச் சார் கடைசியாக ஒருமுறை படிக்க வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை தபாலில் போடலாம் என்றார். அந்த இரண்டு நாளும் என்னை வீட்டில் வைத்துக்கொள்ள அம்மா பட்ட பாடு சொல்லி முடியாது. துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். தெருமுனைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன். "கைக்கு ஏதாவது வேலை குடுட்டி, என் உயிர எடுக்காத" என்றாள் அம்மா. கல்லூரியிலிருந்து இரவல் வாங்கி வந்த சின்ன மைக்ரோஸ்கோப் ஜன்னலோரம் இருந்தது. கொல்லைப்புறத்துப் பூந்தொட்டியை நகர்த்தினேன். ஈரத்தில் கிடக்கும் சாம்பல் நிறப் பூச்சிகள் நாலாபக்கமும் ஓடின. தொட்டால் மிளகு மாதிரி உருண்டுகொள்ளுமே, அவைதான். அவையும் ஐசோபாட்டுகள், தரையில் வாழ்கிற ஜாதி. வரைந்து பழகலாம் என்று ஒன்றைப் பிடித்துக் கண்ணாடித் தட்டில் போட்டேன்.

அது தாய். வயிற்றுக்கு அடியில் ஒரு பை, பைக்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ அசைந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தாய்க்கு ஏழு ஜோடிக் கால்கள். பழக்கதோஷத்தில் ஒரு குஞ்சின் கால்களை எண்ணினேன். ஆறு. இன்னொன்றை எண்ணினேன். ஆறு. கண்ணுக்கு எட்டிய ஒவ்வொன்றுக்கும் ஆறுதான்.

என் கால் ஆட்டம் நின்றுவிட்டது. ஐசோபாட் குஞ்சுகள் கடைசி ஜோடிக் கால் இல்லாமல்தான் பிறக்கும், தோலுரித்து வளரும்போதுதான் அது முளைக்கும் என்று எப்போதோ வகுப்பில் ஒரு வரி படித்த ஞாபகம் அப்போதுதான் வந்தது. விரல் நீளம் இருந்ததால் என் பிராணியை வளர்ந்தது என்றே நினைத்துவிட்டேன். ஆழ்கடலில் தாய் முழங்கை நீளம் இருந்தால் குட்டி விரல் நீளம் இருக்காதா?

அலமாரியிலிருந்து பழைய பென்சில் படங்களை இழுத்துப் போட்டேன். ஏழாவது வளையத்துக்கு அடியில், இரண்டு பக்கமும், மடங்கிய சின்ன மேடு ஒன்றை நானே வரைந்திருந்தேன். மையால் இழுத்தபோது தோலின் சுருக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். முளைக்கக் காத்திருந்த காலை என் பென்சில் பார்த்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

சார் வீட்டுக்கு நடந்தேனா ஓடினேனா என்று நினைவில்லை. பென்சில் படத்தையும் பூச்சியையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த மேட்டைப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு, "நானும்தானம்மா எண்ணினேன்" என்றார். வால் முட்களை மட்டும் வைத்து எழுத முடியாதா என்று கேட்டேன். வளரும்போது அவையும் எப்படி மாறுமோ, ஒரு குட்டியை வைத்துக்கொண்டு இனத்துக்குப் பேர் வைக்க முடியாது, பெரியது ஒன்று கிடைக்க வேண்டும் என்றார். கட்டுரையை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

சாரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது? போட்ட காணிக்கையைத் திருப்பி வாங்க முடியுமா? வாசித்ததை வாசிக்கவில்லை என்று ஆக்க முடியுமா? தண்ணீர் வருகிற நேரத்தில், குழாயடியிலேயே சொன்னேன். குடம் நிரம்பி வழிவதை அவர் கவனிக்கவில்லை.

"அப்போ அது புதுசு இல்லையா?"

"தெரியாதுப்பா. புதுசாவும் இருக்கலாம். சொல்ல முடியாது. அது குட்டி."

"உயிரோட கெடந்திருந்தா அந்தக் காலு மொளச்சிருக்குமா?"

"மொளச்சிருக்கும்ப்பா."

"பாவம்" என்றார். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாவம் என்றது குட்டியையா, என்னையா, தன்னையா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அந்த வாரம் முழுவதும் அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. நான் தினமும் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன். வந்து சேரும் படகுகளை எல்லாம் கேட்டேன். "பெரிசா இருந்தா வீசாதிய, எடுத்து வையிங்க" என்று கெஞ்சினேன். அந்த வாரம் மட்டுமல்ல, நான் அங்கே படித்த காலம் முழுவதும் பெரியது ஒன்று என் கைக்கு வரவே இல்லை. அந்தக் குட்டி பேரில்லாமல் பாட்டிலுக்குள் தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அம்மா விடவில்லை. செயலாளர் சீட்டுகளை வாசிக்க ஆரம்பித்தார். பிறந்தநாளுக்காக, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக. பேர் சொல்ல விரும்பாத இருவர். பிறகு ஒரு சீட்டை எடுத்தவர், தனக்குள் ஒருமுறை படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். என் அப்பாவின் பெயரை இனிஷியலோடு வாசித்தார். தெருவை வாசித்தார். கதவு எண்ணையும் வாசித்தார். "தன் மகள் தன்னுடைய தவற்றைத் தானே கண்டுபிடிக்கக் கிருபை செய்ததற்காக."

போன முறையைப் போலவே எல்லோரும் திரும்பினார்கள். என் கண்ணீர் மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தின் மேல் விழுந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஆண்கள் வரிசையின் ஓரத்தில் அப்பா நேரே பீடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அம்மா என் தொடையில் இடித்துக் கீழே பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். வேட்டிக்குள் அவருடைய வலது கால், பெஞ்சே அதிரும்படி ஆடிக்கொண்டிருந்தது.