அல்ட்ரா வைடு லென்ஸ் வைத்திருந்தவர்

ஜெயமங்கலத்தில் ஒரு கல்யாணம். பெண் வீட்டுக்கு நான் போட்டோகிராபர். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னொருவர். தொப்பை சட்டையை முட்ட, வெற்றிலையை மென்றபடி ஆட்களுக்கு நடுவே நுழைந்து படமெடுத்தார். சின்னக் கூடத்தில் மொத்தக் குடும்பமும் அவர் படத்தில் அடங்கியது. எனக்கு வயிறு எரிந்தது. ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கிவிட்டு, கிட்ட நின்றே அகலமாகப் பிடிக்கும் அல்ட்ரா வைடு லென்ஸ் அதற்கு எதை வாங்குவது என்று நான் குழம்பிக்கொண்டிருந்த நேரம்.

"இதையே வாங்கலாமாண்ணே?" என்று அவர் லென்ஸைக் காட்டிக் கேட்டேன்.

"வாங்குங்க தம்பி. ஆனா கிட்டப் போகணும். தள்ளி நின்னா எல்லாரும் எறும்பாத் தெரிவாக," என்று சிரித்தார்.

அதே லென்ஸை வாங்கினேன். நான் கிட்டப் போனால் ஆண்கள் விறைக்கிறார்கள், பெண்கள் சேலையைச் சரிசெய்கிறார்கள். அன்று அந்தக் கல்யாணத்தில் பெண்ணின் அம்மா அழுதபோது அவர் ஒரு முழத் தூரத்தில் நின்றுதான் படமெடுத்தார். அந்த அம்மா அவரைக் கவனிக்காமல் தன் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தாள்.