மதகு தாண்டினால் பேச்சில்லை

சைக்கிள் பயண வழிகாட்டி என்பவர் முன்னால் மிதித்துக்கொண்டே, பின்னால் வருகிற எல்லோருக்கும் கேட்கும்படி பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எனக்கு மிதிப்பது மட்டும்தான் வரும்.

வகுப்பில் வருகைப் பதிவின்போது ‘உள்ளேன்’ சொல்லாமல் கையை மட்டும் தூக்கும் இனத்தைச் சேர்ந்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விலங்கியல் படித்து முடித்துவிட்டுப் பாகூரில் வீட்டோடு இருந்தபோது, வில்லியனூரில் சைக்கிள் கொட்டகை வைத்திருக்கும் குணா அண்ணன் ஆள் தேடினார். ஏரிக்கரை, வாய்க்கால் கரை என்று வண்டிப் போக்குவரத்து இல்லாத வழிகளில் வெளியூர்க்காரர்களைச் சைக்கிளில் அழைத்துப் போவது அவர் தொழில். எனக்குப் பறவைகள் தெரியும். பாகூர் ஏரிக்கரை எந்த இடத்தில் சரிந்திருக்கிறது என்பதும் தெரியும். சேர்த்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு.

“ஏரியில தண்ணி இருக்கற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வாயத் திறந்து பேசக் கத்துக்கலன்னா, டவுன் ஆபீஸ்ல உக்காந்து போன் எடு.”

கூச்சக்காரர்களுக்கு இதன் கொடுமை விளங்கும். முகம் தெரியாதவர்கள் நாள் முழுக்கக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் நாம்தான் முதலில் ‘ஹலோ’ சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. மாசிக்குள் வற்றிச் சுருங்கிவிடும். எனக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

எருமைகளுக்கு ஆற்றிய உரை

முதல் குழு பெங்களூரிலிருந்து வந்த ஆறு பேர், ஒரே அலுவலகம். ஏரியின் கதை, மதகுகளின் பெயர்கள், குளிர்காலத்தில் வரும் வாத்துகள் என்று இரண்டு பக்கம் எழுதி, சமையலறைச் சுவரைப் பார்த்து மூன்று நாள் ஒப்பித்திருந்தேன். கரை ஏறியதும் ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்துப் பேசினால் சைக்கிள் சரிவுப் பக்கம் போகிறது. நேராகப் பார்த்துப் பேசினால், முதுகுப் பக்கமிருந்து அடித்த காற்று என் குரலை எனக்கு முன்னால் கொண்டுபோய்விடுகிறது. அந்த உரையை ஒரு சொல் விடாமல் கேட்டவை எதிரே மேய்ந்துகொண்டிருந்த இரண்டு எருமைகள் மட்டுமே.

இரண்டாம் மதகில் எல்லோரும் இறங்கினோம். எதையும் மறக்காமல் சொல்லி முடித்துவிட்ட நிம்மதியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். கண்ணாடி போட்ட ஒருவர் மிகுந்த மரியாதையோடு அருகில் வந்தார்.

“மேடம், நீங்க பேசி முடிச்சிட்டீங்களா, இனிமேதான் பேசப்போறீங்களா?”

பஞ்சரா?

எங்கள் ஊரில் ஒருவர் வேலை வெட்டி இல்லாமல் சைக்கிள் மிதிப்பார் என்பதை யாரும் நம்புவதில்லை. வசதியான தோற்றத்தில் ஒரு மனிதர் சைக்கிளோடு கரையில் நின்றால், கடந்து போகிற ஒவ்வொரு டிவிஎஸ் வண்டியும் நிற்கும். “பஞ்சரா?” என்பார்கள். “இல்லை” என்றால், “செயின் கழண்டுச்சா?” அதுவும் இல்லை என்றால் சந்தேகத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். மனை அளக்க வந்திருக்கிறார்கள் என்று அரங்கனூர்ப் பக்கம் ஒரு வதந்தியே கிளம்பியது.

சென்னையிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் மதகு வாய்க்காலில் புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெரு செல்வி அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏன்டி, காருல வந்து எறங்கிட்டு சைக்கிள் மிதிக்கறாரே, டாக்டர் சொன்னாரா?” ஏரியைப் பார்க்க வந்திருக்கிறார் என்றேன். வக்கீல் அதற்குள் ஏரியை நாலைந்து படம் எடுத்துவிட்டிருந்தார். செல்வி அக்கா அவருக்கும் கேட்கும்படியே சொன்னார்:

“ஏரியத் தூர் வாரி, புல்லு செதுக்கி வெச்சது நாங்க. எங்கள ஒரு போட்டோ எடுக்கச் சொல்லு!”

ராசு அண்ணனின் ரிப்பேர்

உரை தோற்றுப்போனதால் எனக்குக் கவனிக்க நிறைய நேரம் கிடைத்தது. ஒன்றைக் கண்டுகொண்டேன். கழனிக்குப் போகிறவர் கரையில் சைக்கிளில் போனால் சிறவிகள், அதாவது விசில் அடிக்கிற அந்தச் சின்ன வாத்துகள், தலையைக்கூடத் தூக்குவதில்லை. நாங்கள் போனால் கூட்டமாக எழுந்து ஏரியின் மறுகரைக்குப் போய்விடுகின்றன. சைக்கிளைக் கண்டு அவை பயப்படவில்லை. பேச்சு, ‘அதோ, அதோ’ என்று நிற்பது, மட்கார்டு கடகடப்பது இவைதான் காரணம். ஆகவே ஒரு விதி எழுதினேன். இரண்டாம் மதகிலிருந்து, உபரி நீர் வழியும் கலங்கல் வரை பேச்சு கிடையாது, நிற்பதும் கிடையாது. இடது கையைத் தூக்கினால் இடப்பக்கம் பார்க்கவும். உள்ளங்கையைக் காட்டினால் மெதுவாக வரவும். வாயால் சொல்வதைவிட இது எனக்கு எவ்வளவோ சுலபம் என்பதை நான் குணா அண்ணனிடம் சொல்லவில்லை.

கொட்டகை மெக்கானிக் ராசு அண்ணனிடம், ஒவ்வொரு மட்கார்டையும் பழைய டியூப் துண்டால் இறுக்கிக் கட்டச் சொன்னேன். பெல்லுக்கும் ஒரு ரப்பர் பட்டை. “பெல்லு அடிக்கலன்னா மாடு எப்படிம்மா ஒதுங்கும்?” என்று ஒரு வாரம் சண்டை போட்டார். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து பன்னிரண்டு சைக்கிள்களையும் சத்தமில்லாமல் செய்தார். சோதித்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே என்னோடு வந்தார். பத்தடி தள்ளித் தண்ணீரில் மிதந்த சிறவிக் கூட்டத்தை ஒரு இறகு அசையாமல் கடந்தோம். கலங்கல் வரும் வரை மூச்சைப் பிடித்திருந்த ராசு அண்ணன், வந்ததும் தொடையில் தட்டிக்கொண்டார்.

“நாம போனதே அதுங்களுக்குத் தெரியலம்மா. என் ரிப்பேரு அப்படி!”

சுவீடன் தம்பதி

கார்த்திகைக் கடைசியில் சுவீடனிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அறுபது தாண்டியவர்கள். அவர்கள் நாட்டில் காடு, ஏரி, சதுப்பு என்று மாறி மாறி வரும் மண் பாதைகளில் வாரக்கணக்கில் சைக்கிளில் போவார்களாம். ஒரு காரைக்கூடப் பார்க்காத நாட்கள் உண்டாம். அங்கே ஏரியைச் சுற்றி மனிதர்களே இருக்க மாட்டார்களாம். இதையெல்லாம் காலையில் கொட்டகையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு மாலை வரை அவர்கள் பேசியது மொத்தமாகப் பத்து வார்த்தை இருக்கலாம்.

மதகு தாண்டி அமைதி காப்பது சரி. ஆனால் கலங்கல் தாண்டியும் அவர்கள் பேசவில்லை. பனைமர நிழலில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோதும் பேசவில்லை. எருமை குளிப்பாட்டுகிறவர், வலை வீசுகிறவர், பாம்புத்தாரா ஒன்று சிறகை விரித்துக் காய வைப்பது என்று நான் கை காட்டிய பக்கமெல்லாம் பார்த்தார்கள், தலையசைத்தார்கள். எங்கோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். கேட்கவும் வாய் வரவில்லை. மாலையில் அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்துவிட்டுப் போனார். குணா அண்ணன் ஓடி வந்தார்.

“இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலண்ணா.”

“நீ இன்னா சொன்ன?”

“நானும் ஒண்ணும் சொல்லல.”

“வெளங்கிடும்!”

விருந்தாளிக்கு வெடி

மாசி பிறந்தது. ஏரி நடுவில் சுருங்கிவிட்டது. தண்ணீர் குறையக் குறைய மீன்கள் ஒரே இடத்தில் சேரும், அங்கே பறவைகளும் சேரும். அந்தச் சமயத்தில், சுவீடன் தம்பதி சொல்லித்தான் வருகிறோம் என்று அவர்கள் ஊர்ச் சைக்கிள் சங்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். குணா அண்ணனும் கடைசிச் சைக்கிளில் ஏறிக்கொண்டார். “இன்னிக்கு நானே பாத்துடறேன்” என்றார். ஏரியை அவர் பார்க்கப்போவதில்லை, என்னைத்தான் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் மதகு தாண்டினோம். பேச்சு நின்றது. வளைவில் திரும்பினோம். தூரத்தில் கரையை அடைத்துக்கொண்டு வெள்ளை வேட்டிகள் நின்றன. ஏரிப் பாசன விவசாயிகளின் சங்கத்துக்காரர்கள், வெளிநாட்டு விருந்தாளிகள் வருவதைக் கேள்விப்பட்டு வரவேற்க வந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வரவேற்பு என்றால் சால்வை; சால்வைக்கு முன்னால் வெடி. கரை நீளத்துக்குச் சரவெடி விரித்திருந்தது. ஒருவர் கையில் ஊதுவத்தி புகைந்தது. வலப்பக்கம், கல்லெறி தூரத்தில், சேற்று நீரில் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் எண்ண முடியாத அளவுக்கு நின்றுகொண்டிருந்தன.

கத்தினால் நானே அவற்றை எழுப்பிவிடுவேன். பின்னால் வருகிறவர்களுக்கு உள்ளங்கையைக் காட்டிவிட்டு, எழுந்து நின்று மிதித்தேன். சங்கத் தலைவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவர் எதிரில் இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டே அடிக்குரலில் சொன்னேன்: “பெரியப்பா, வெடி வேணாம்.”

“இன்னா பாப்பா இப்படிச் சொல்ற? அவ்ளோ தூரத்துலேந்து வராங்க. ஒரு வெடிகூடப் போடலன்னா நம்ம ஊரப் பத்தி இன்னா நெனப்பாங்க?”

“அவங்க இதுங்களத்தான் பாக்க வராங்க பெரியப்பா. வெடி போட்டா ஒண்ணுகூட நிக்காது. ‘பாகூர் ஏரி’ன்னு அவங்க ஊர்ல போட்டோ காட்டுவாங்க, அதுல வெறும் சேறுதான் இருக்கும். பரவால்லயா?”

தலைவர் நாரைகளைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. இது கடலூர் வரைக்கும் கிடைக்காத காட்சி என்றேன். கலங்கல் தாண்டிக் கோயிலாண்ட எவ்வளவு வெடி வேண்டுமானாலும் போடலாம் என்றேன். ஊதுவத்திக்காரர், “அங்க ஆரு பத்த வெப்பாங்க? நான் கழனிக்குப் போவணும்” என்றார். “நான் வெக்கறேன்” என்றேன். தீபாவளிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறவள் நான்.

“சால்வையாச்சும் போடலாமில்ல?” என்றார் தலைவர்.

“போடுங்க பெரியப்பா. பேசாம போடுங்க.”

ஊதுவத்தி மண்ணில் அணைந்தது. எட்டுச் சைக்கிள்களும், கடைசியில் குணா அண்ணனுடையதும் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தன. நிற்கக் கூடாது என்ற என் விதியை நானே ஒரு தடவை தளர்த்தினேன். வரவேற்புரை எழுதி வைத்திருந்த செயலாளர் அதைச் சட்டைப் பையில் மடித்துக்கொண்டார். தலைவர் ஒவ்வொருவருக்கும் சால்வை போர்த்திக் கும்பிட்டார். அவர்களும் ஒரு வார்த்தை இல்லாமல் கும்பிட்டார்கள். பிறகு தலைவர், நான் கை காட்டுவதைப் பார்த்துவிட்டு, தானும் கையை மெல்லத் தூக்கி ஏரிப் பக்கம் காட்டினார். எட்டுத் தலைகள் திரும்பின. நாரைகள் மீன் பிடித்துக்கொண்டே இருந்தன. ஓர் ஆள் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோயிலாண்ட நான்தான் பற்ற வைத்தேன். வைத்துவிட்டு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. வெடிச் சத்தம் ஓயும் வரை காத்திருந்த குணா அண்ணன், அந்தச் செருப்பை எடுத்து வந்து என் முன்னால் போட்டார்.

“போன் எடுக்க நான் வேற ஆளப் பாத்துக்கறேன், நீ நாளைக்கு ஊசுட்டேரிக்குச் சீக்கிரம் வந்துடு, அங்க இன்னும் தண்ணி இருக்கு.”

பேசாமல் செய்கிற ஒரு வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, பிறந்ததிலிருந்து பேசியதைவிட அதிகமாக அந்த ஐந்து நிமிஷத்தில் பேச வேண்டியிருந்தது.