ஏழு தட்டுச் சொல்

ஓஸ்லோ, மார்ச் 2006. குரோருட்டில் மெட்ரோ ஏறுகிறோம். யாழ்ப்பாண நண்பரின் எட்டு வயது மகள் அபியை லிண்டெருட்டில் பல் டாக்டரிடம் கூட்டிப் போவது என் பொறுப்பு. வீட்டில் யார் கெஞ்சியும் வாயைத் திறந்து காட்டாதவள், ரயிலில் ஓயாமல் பேசுகிறாள். பள்ளியில் நார்வேஜியச் சொற்களை அசைக்கு ஒரு கைதட்டாகப் பிரிக்கிறார்களாம்.

"தன்-லே-கெ." பல் டாக்டருக்கு மூன்று தட்டு. "இப்ப நீங்க தட்டுங்கோ, மாமா."

தட்டுகிறேன்.

"இஞ்சை சொல்லை ஒட்டி ஒட்டி நீட்டலாம்" என்கிறாள். பல் டாக்டரின் நாற்காலி, தன்லேகெஸ்தூல், நான்கு தட்டு. அந்த நாற்காலியின் மெத்தைக்கு ஆறு. எதிரே அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த நார்வே அம்மாள், "த்ரெக்" என்று மெத்தைக்கு உறையும் போட்டுவிடுகிறார். மூவரும் சேர்ந்து ஏழு தட்டுகிறோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"லிண்டெருட் எப்ப வரும், அபி?"

"அது அப்பவே போயிட்டுது, மாமா."

அபி வாயை முழுதாகத் திறந்து சிரிக்கிறாள். டாக்டருக்குக் கிடைக்காத சொத்தைப் பல் தரிசனம் எனக்குக் கிடைக்கிறது.