எதிர்த்தவர்: ஒருவர்

கணினித் திரையில் ஒரு சொல்லின் மேல் டீச்சரின் விரல் வந்து நின்றது. நகக்கண்ணில் கையுறைத் தொழிற்சாலையின் வெள்ளைப் பொடி. வெளியே எண்ணெய்ச் செம்பனைகளுக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கோலா சாவாவில் எங்கள் கோயில் மண்டபத்தின் தகரக் கூரை மட்டும் அன்றைய வெயிலை இன்னும் விட்டபாடில்லை. சங்கப் பதிவு விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்ப ஒரே ஒரு தட்டல்தான் பாக்கி. "அண்ணே, இது என்ன எழுதியிருக்கீங்க?" என்றார். மலாயில் அந்தச் சொல் 'செபுலாட் சுவாரா'. நம் கூட்டக் குறிப்புகளில் அதற்குப் பெயர் 'ஏகமனதாக'. தலைவர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயில் கமிட்டியின் செயலாளராகப் பதினாறு வருடமாக நான் எழுதிவரும் வாக்கியம். விரல்கள் தாமாகவே அடித்துவிட்டிருந்தன. "எங்கேயும் அப்படித்தான் போடுவாங்க டீச்சர். வழக்கம்தான் லா," என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஒருத்தர் எதிர்த்தாரே அண்ணே. நீங்களும்தான் பாத்தீங்க."

பார்த்தேன். எதிர்த்துக் கை தூக்கியவர் அவருடைய சொந்த வீட்டுக்காரர்.

டீச்சர் என்று எல்லாரும் அழைத்தாலும் இங்கே அவர் டீச்சர் இல்லை. சுங்கை காடுட்டில் நான் ஸ்டோர் பார்க்கும் தொழிற்சாலையில் கையுறைகளைப் பெட்டியில் அடுக்குபவர். பர்மாவில், மோல்மேன் ஊரின் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். எங்கள் பாட்டன்மார் ரப்பர்ப் பால்மரம் வெட்ட மலாயாப் பக்கம் கப்பலேறிய காலத்தில், நெல்வயலை நம்பி அந்தப் பக்கம் கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேத்தி. அவர் தமிழில் பர்மியக் காற்று அடிக்கும். எங்கள் தமிழில் மலாய் அடிப்பதுபோலத்தான். முதல் நாள் கேண்டீனில் என் தட்டைப் பார்த்து, "சம்பாலும் ரசமும் ஒரே சோத்துலயா!" என்று வாயில் கை வைத்தார். "அதுதான் லா நாங்க," என்றேன். எங்கள் அறிமுகம் அவ்வளவுதான்.

அவர் நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, இந்த அரசுக்குப் பாடம் நடத்தமாட்டோம் என்று அவர் பள்ளி ஆசிரியர்கள் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாள் எப்படியோ படைக்காரர் கைக்குப் போய்விட்டது. பெயர்கள் இருந்த வரிசைப்படியே வீடுகளைத் தட்டினார்களாம். டீச்சரின் பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்து வீடுகளைத் தட்டி முடிப்பதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் ஊரைத் தாண்டிவிட்டார்கள். இதை ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோல எனக்குச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த தேநீரைக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப்போலவே பர்மாவிலிருந்து தப்பி வந்த அகதிகள் இருபது பேர் எங்கள் மண்டபத்தில் கூடுவார்கள். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள், தொழிற்சாலைப் பெண்கள், கெமாஸிலிருந்து ரயிலேறி வரும் இரண்டு பேர். ஊரில் மறுபடி மக்களாட்சி வர இங்கிருந்து என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். சிறையில் இருக்கிறவர்களின் பெயர்களைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுந்து நிற்பார்கள். செம்மண் பாதையில் ஒரு போலீஸ் வண்டி திரும்பினால் போதும், பின்கதவு வழியே செம்பனைகளுக்குள் கலைந்துவிடுவார்கள். நாற்காலிகள் மட்டும் வட்டமாக உட்கார்ந்திருக்கும். 

எங்கள் கமிட்டித் தலைவரும் பயந்தார். கெட்டவர் இல்லை. "நாளைக்கு போலீஸ்ல கூப்பிட்டு, பதிவு இல்லாத சங்கத்துக்கு ஏன் மண்டபம் குடுத்தேன்னு கேட்டா நான் என்ன லா சொல்றது?" மாதக் கடைசிக்குள் பதிவுக்கு விண்ணப்பம் போட்டதற்கான தாளாவது கண்ணில் பட வேண்டும், இல்லையென்றால் பூட்டுத்தான் என்று சொல்லிவிட்டார். பிறநாட்டார் நடத்தும் ஜனநாயக அமைப்புக்கு இந்த நாட்டு அரசு பதிவு தருமா என்பது யாருக்கும் தெரியவில்லை. சிரம்பானில் ஒரு வக்கீலம்மா மட்டும், "தராமப் போகலாம். ஆனா கேக்காம தரமாட்டாங்க," என்றார். பெயரில் 'ஜனநாயகம்' என்பதை எடுத்துவிட்டு 'நலன்' என்று போட்டால் சிக்கல் குறையும் என்றும் யோசனை சொன்னார்.

அதை ஓட்டுக்கு விட்டார்கள். எல்லாவற்றையும் ஓட்டுக்கு விட்டார்கள். மாதிரிக்காக எங்கள் கமிட்டியின் சட்டவிதிகளைக் கொடுத்திருந்தேன். அவை பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிய தாள்கள். எங்களில் யாரும் முழுதாகப் படித்ததில்லை. 'தலைவரின் முடிவே இறுதியானது' என்ற விதியை டீச்சர் பர்மிய மொழியில் பெயர்த்துச் சொன்னதும் மண்டபமே சிரித்தது. "இதுக்காகவா அண்ணே நாங்க நாடு விட்டு ஓடி வந்தோம்?" அந்த ஒரு விதிக்கே ஒரு ஞாயிறு போயிற்று. 'ஜனநாயகம்' வேண்டும் என்று பதினொரு பேர், வேண்டாம் என்று ஒன்பது பேர், சொல் பிழைத்தது. கடைசியில் தலைவர் தேர்தல். டீச்சர் பெயரைச் சொன்னதும் கைகள் மளமளவென்று எழுந்தன. "எதிர்க்கிறவங்க?" என்று கேட்டபோது, கதவோரம் நின்றிருந்த வீட்டுக்காரர் தன் கையைத் தூக்கினார். குலை வெட்டிக் காய்த்துப்போன கை.

"என்ன தம்பி, வீட்டுல சண்டையா?" என்று கேலி செய்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "தலைவர்னா முதல் பேரு அவ பேரு. அங்க ரெண்டாம் பக்கத்துல இருந்ததால தப்பிச்சோம். இங்க முதல் வரியிலயே எழுதச் சொல்றீங்க." உறுப்பினர் பட்டியலில் தன் பெயரை எழுதவும் அவர் மறுத்துவிட்டார். வருவார், நாற்காலி அடுக்குவார், பேசுவார். பெயர் மட்டும் தரமாட்டார். பெயர் தராதவருக்கு ஓட்டு உண்டா என்பதற்கும் ஒரு ஓட்டெடுத்தார்கள். உண்டு என்று ஆனது.

அவருடைய அந்த எதிர்ப்பு ஓட்டைத்தான் நான் 'ஏகமனதாக' என்று அடித்துக் காணாமல் ஆக்கியிருந்தேன். அன்றுதான் மாதக் கடைசி. எங்கள் கமிட்டித் தலைவர் மூன்று தடவை போன் அடித்துவிட்டார். "எதிர்ப்புன்னு எழுதினா உள்ளுக்குள்ளயே தகராறுன்னு நினைப்பாங்க டீச்சர். தள்ளிட்டா?" என்றேன். "நினைக்கட்டும்." "அவர் உங்க நல்லதுக்குத்தானே எதிர்த்தாரு?" டீச்சர் திரையை விட்டு என்னைப் பார்த்தார். "பயத்துல போட்டதும் ஓட்டுத்தான் அண்ணே. எனக்கு வசதியா இல்லைன்னு அதை அழிச்சா, அங்க அவங்க பெருசா செஞ்சதை நான் இங்க சின்னதா செஞ்ச மாதிரி."

திருத்தினேன். எதிர்த்தவர்: ஒருவர். பெயர் தரவில்லை. ஆனால் திருத்திய தாளில் அவர்களுடைய செயலாளர் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண்ணோ சுங்கை காடுட்டில் ஷிப்டில் இருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் வீட்டுக்காரர் வேலை முடிந்து, பூட்ஸில் சேறோடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார். என் மோட்டார் சைக்கிள் சாவிக்குக் கை நீட்டினார். "நான் போறேன் தம்பி, வழியில போலீஸ் ரோட்பிளாக் இருக்கும்," என்றேன். "என் ஓட்டுதானே அண்ணே, நான்தான் கொண்டு போகணும்," என்று தாளைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.  இரண்டு மணி நேரம் டீச்சர் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். சொட்டச் சொட்ட வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது தாள் மட்டும் நனையாமல் இருந்தது. அனுப்பினோம். கிடைத்தது என்று பதில் வந்தது. அதை அச்செடுத்து மண்டபக் கதவில் ஒட்டினார் எங்கள் தலைவர், தாமே, நான்கு மூலைக்கும் டேப் போட்டு.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், வாழ்நாளில் முதல் தடவையாக, "எதிர்க்கிறவங்க இருக்கீங்களா?" என்று நான் கேட்டுவைத்தேன். தலைவர் முறைத்தார். "பர்மாக்காரங்ககூடச் சேர்ந்து நீ கெட்டுப்போயிட்டே லா."

சில மாதம் கழித்து சிரம்பான் சங்கப் பதிவு அலுவலகத்தில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். டீச்சர், செயலாளர் பெண், மலாய் பேச நான். டீச்சரைத் தனியாக விட மனசில்லாமல் வீட்டுக்காரரும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து கதவோரம் உட்கார்ந்துகொண்டார். அதிகாரி என் வயதுள்ள மலாய்ப் பெண்மணி. கூட்டக் குறிப்பைப் புரட்டியபடி, "எத்தனையோ சங்கங்களின் குறிப்பைப் படித்திருக்கிறேன். எதிர்த்தவரையும் எழுதிக் கொண்டுவந்திருப்பது நீங்கள்தான்," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "யார் இவர்? ஏன் பெயர் இல்லை?"

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பெயர் தான் கொடுக்க வேண்டியதல்ல என்பதுபோல மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.   விண்ணப்பம் இங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். பின்னால் நாற்காலி நகரும் ஓசை. "நான்தான் புவான்," என்றார் வீட்டுக்காரர், அம்மையாரை விளிக்கும் மரியாதையோடு, தோட்டத்தில் பழகிய மலாயில். "தலைவருக்கு என்ன உறவு?" "புருஷன்." அதிகாரி சிரித்தேவிட்டார். "இதற்குப் பிறகு வீட்டில் சாப்பாடு கிடைத்ததா?" "நான்தான் புவான் சமைக்கிறேன்." அறையே சிரித்தது. "இன்னும் எதிர்க்கிறீர்களா?" அவர் யோசித்தார். "பயம் போகல. எதிர்ப்பும் போகல. ஆனா அவ பேரு மட்டும் தனியா அந்தத் தாள்ல இருக்கக் கூடாது. என் பேரையும் எழுதிக்குங்க." பிறகு அதைச் சொன்னார், எழுத்தெழுத்தாக. அதிகாரி எழுதி, திரும்ப வாசித்துக் காட்டினார். டீச்சர் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். ரொம்ப நேரம் தேடினார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் கொடுத்த இடத்தில் அது இருக்கிறது.

பதிவு இன்னும் வரவில்லை. நிராகரிப்பும் வரவில்லை. நடுவில் இரண்டு தடவை விளக்கம் கேட்டு எழுதினார்கள், கொடுத்தோம். கேள்வி கேட்கிறவர்கள் படிக்கிறார்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். பாதையில் போலீஸ் வண்டி திரும்பினால் இப்போது யாரும் பின்கதவுக்கு ஓடுவதில்லை. முகங்கள் வெளிறுகின்றன, ஆனால் உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சரும் வீட்டுக்காரரும் போன வருடம் அகதிகளுக்கான மறுகுடியேற்றத்தில் பனி பெய்யும் ஒரு நாட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே டீச்சர் மறுபடி கணக்கு சொல்லிக்கொடுக்கப் படிக்கிறார். இங்கே அந்தச் செயலாளர் பெண்தான் இப்போது தலைவர். போன மாதம் உறுப்பினர் பட்டியலைப் புதுப்பித்தாள். இந்த நாட்டை விட்டுப் போனவர்களின் பெயரை நீக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. இருவருக்கும் தகவல் அனுப்பச் சொன்னாள். "விதிப்படியே செய்யுங்கண்ணே," என்று டீச்சர் உடனே பதில் போட்டுவிட்டார். வீட்டுக்காரரிடமிருந்து மூன்று நாள் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கூட்டத்தில் ஒலிக்கவிட்டேன். குளிரில் மூச்சு வாங்குவது கேட்டது.

"அண்ணே, அந்த விதியை ஓட்டுக்கு விடச் சொல்லுங்க. என் பேரை எடுக்காதீங்க."

வரும் ஞாயிறு ஓட்டெடுக்கிறோம்.