கூட யாரும் இல்லாத நோயாளி

நடந்தது இந்த வரிசையில்:

1. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அக்காவை நர்ஸ் வேலைக்குத் தேர்ந்தெடுத்தது. ஆங்கிலத் தேர்வின் நான்கு பகுதிகளிலும் தேறினால் வேலை உறுதி என்று ஏஜென்சி எழுதியது.
2. கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் அக்கா முதல் முறையே தேறினாள். எழுதுவதில் தோற்றாள்.
3. இரண்டாம் முறையும் எழுதுவதில் தோற்றாள்.
4. இன்னும் ஒரு முறைதான் இடத்தைப் பிடித்து வைப்போம் என்றது ஏஜென்சி.
5. நான் சொல்லித் தருகிறேன் என்றேன்.
6. அக்கா மூன்றாம் முறை எழுதினாள்.

ஐந்தாவதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அப்பா, அக்கா, நான். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அக்கா தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடமாக நர்ஸ். நான் துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்யும் சிறிய நிறுவனத்தில் தர ஆய்வு பார்க்கிறேன். வரைபடத்தையும் செய்த பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் போடுவது என் வேலை. அப்பாவுக்குச் சர்க்கரை. இடது காலில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது. அதைத் தினமும் அக்காதான் கட்டுவாள்.

எழுத்துத் தேர்வில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுப்பார்கள். அவரை வீட்டுக்கு அனுப்பும்போது, இனி கவனிக்கப்போகும் நர்ஸுக்கு முக்கால் மணி நேரத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். அக்காவின் பழைய பயிற்சிக் கடிதங்களை வாங்கிப் பார்த்தேன். விஷயம் எல்லாம் சரி. ஆனால் வார்டு நோட்டில் எழுதுவது போலவே எழுதியிருந்தாள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவருக்கு மாத்திரை கொடுத்தோம். மாத்திரை சர்க்கரைக்கு. வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. அவற்றை ஒட்ட வைப்பதுதான் குறை என்று முடிவு செய்தேன்.

தமிழில் இது நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. 'நான் வந்த பஸ்' என்றால் போதும். பஸ்ஸில் வந்தேன் என்பதில் இருந்த 'இல்' காணாமல் போனதை யாரும் தேடுவதில்லை. 'நான் எழுதிய பேனா', 'அவர் படுத்திருக்கும் கட்டில்' எல்லாம் அப்படித்தான். ஆங்கிலத்தில் அந்தச் சின்னச் சொல் எங்கேயாவது நின்றாக வேண்டும். பேச்சில் அது வாக்கியத்தின் கடைசியில் தொங்கலாம். கடிதத்தில் முன்னால் கொண்டு வந்து 'இன் விச்', 'ஃபார் விச்', ஆள் என்றால் 'வித் ஹூம்' என்று வைத்தால் எடுப்பாக இருக்கும். அக்காவுக்கு இதை அடுப்படியில்தான் ஆரம்பித்தேன்.

"இது கத்தி. இதால வாழைப்பூ நறுக்குறேன். ரெண்டையும் சேர்த்துச் சொல்லு."

"திஸ் இஸ் த நைஃப் வித் விச் ஐ ஆம் கட்டிங்… வாழைப்பூவுக்கு இங்கிலீஷ்ல என்னடி?"

"அது உனக்கு அயர்லாந்துல தேவைப்படாது."

"கிடைக்காதுன்னு சொல்லு."

காலையில் இருவரும் சேர்ந்து கிளம்பும்போது பஸ் நிறுத்தத்திலும் பயிற்சி தொடர்ந்தது. 'த பஸ் ஃபார் விச் ஐ ஆம் வெயிட்டிங்' என்று அக்கா வாய்க்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூடையோடு நின்ற ஒரு பெண்மணி பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "சத்திரம் பஸ் இப்பதாங்க போச்சு. அடுத்தது வரும், கவலைப்படாதீங்க" என்றார்.

இரண்டு வாரத்தில் அக்காவுக்குப் பிடி கிடைத்தது. ஆனால் வேகம் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் எது வரும் என்று நின்று யோசித்தாள். அதனால் நான் ஒரு பட்டியல் போட்டேன். எந்த நோயாளிக்கும் பொருந்துகிற மாதிரி நாற்பது வாக்கியங்கள். எதற்காகச் சேர்க்கப்பட்டார், எந்த மருந்து கொடுக்கப்பட்டது, யாருடன் வசிக்கிறார், அவருக்கு என்ன சொல்லித் தரப்பட்டது. மாதிரிக்கு அப்பாவின் காலையே எடுத்துக்கொண்டேன்.

"என் காலை வச்சே அயர்லாந்துக்குப் போறீங்க ரெண்டு பேரும்" என்றார் அப்பா. "எனக்குத்தான் மாடிப்படி ஏற முடியல."

"நீங்க அசையாம இருங்கப்பா, கட்டு அவிழ்ந்துடும்" என்றாள் அக்கா.

முப்பத்து நான்காவது வாக்கியம், அவர் தன்னுடன் வசிக்கும் மகளின் பராமரிப்பில் இருக்கிறார், புண்ணைக் கட்டும் முறை அவளுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது என்பது. மகளுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி, 'வித் ஹூம் ஹீ லிவ்ஸ்', இன்னொரு காற்புள்ளி. பட்டியலிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

"யோசிக்காத. கை தானா எழுதணும்" என்று சொன்னேன். அக்கா மனப்பாடம் செய்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை இருவரும் அப்படித்தான் படித்தோம், அப்படித்தான் மார்க் வாங்கினோம். துணி காயப்போடும்போது நான் எண்ணைச் சொல்வேன், அவள் வாக்கியத்தைச் சொல்வாள். பிறகு பன்னிரண்டு பயிற்சிக் கடிதங்கள் எழுதினாள். நோயாளிக் குறிப்புகளையும் நானே உருவாக்கிக் கொடுத்தேன். திருத்துவதற்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன்: இணைப்பு சரியா, காற்புள்ளி சரியா, நீளம் சரியா, நேரத்தில் முடித்தாளா. கடைசி ஐந்து கடிதங்களில் எல்லாவற்றுக்கும் டிக்.

தேர்வு கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கணினி மையத்தில் நடந்தது. நான் லீவு போட்டுவிட்டு எதிர்ச் சாரியில் ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். இப்படி அவளைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"ஒரு இடத்துலகூட நிக்கலடி. பத்து நிமிஷம் முன்னாடியே முடிச்சிட்டேன்."

சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறினோம். உட்கார இடம் கிடைத்தது. பஸ் காவிரிப் பாலத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தத் தாத்தா தனியாதான் இருக்கார்" என்றாள்.

"எந்தத் தாத்தா?"

"பேஷன்ட். நோட்ஸ்ல முதல் வரியே அதான். பொண்டாட்டி இல்ல, பிள்ளைங்க இல்ல, மாடி வீட்டுல தனியா இருக்கார். நான் மகளோட இருக்கார்னு எழுதிட்டேன். புண்ணை மக கட்டுவான்னு வேற எழுதியிருக்கேன்."

அக்கா தொடர்ந்தாள்.

"அதைப் படிச்சா நர்ஸ் அவர் வீட்டுக்குப் போகவே மாட்டாங்க. மக பாத்துப்பான்னு விட்டுடுவாங்க."

"அது சும்மா பரீட்சைக்கு எழுதின பேஷன்ட்க்கா."

"தெரியும்டி" என்றாள்.

அன்று மாலை பன்னிரண்டு பயிற்சிக் குறிப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். என் நோயாளிகள் பன்னிரண்டு பேருக்கும் வீட்டில் யாராவது இருந்தார்கள். மகள், மருமகள், மனைவி, ஒரு இடத்தில் தம்பி மகன். தனியாக இருக்கும் ஒருவரை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊர் வார்டில் நோயாளியின் பெயரைக் கேட்பதற்கு முன்பே, "கூட யாருங்க இருக்கீங்க?" என்றுதான் கேட்பார்கள். யாரும் இல்லாமல் ஒருவர் வந்தால் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்தவர் அவருக்கும் சேர்த்துக் கஞ்சி வாங்கி வருவார், மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொள்வார். இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினோரு வருடத்தில் ஒருவரைக்கூடத் தனியாக இருப்பவர் என்று அவள் நோட்டில் எழுதியதில்லை.

இருந்தாலும் என் பட்டியல் இல்லாமல் இருந்திருந்தால் அவள் குறிப்பைப் படித்து, நின்று, யோசித்து எழுதியிருப்பாள். கடிதம் ஒட்டாமல் இருந்திருக்கும். அந்த மனிதர் தனியாக இருப்பது அதில் இருந்திருக்கும். நிறுவனத்தில் வரைபடம் பக்கத்தில் இல்லாமல் நான் ஒரு பாகத்தைக்கூடப் பாஸ் செய்வதில்லை. வீட்டில் வாக்கியத்தை மட்டும் பார்த்து டிக் போட்டிருக்கிறேன். கடிதம் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்ற வரியே என் திருத்தும் பட்டியலில் இல்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. எழுதுவதில் ஒரு படி குறைவு. மொழிக்கு நல்ல மதிப்பெண். விஷயத்துக்குத்தான் குறைத்திருந்தார்கள். அக்கா போனை என்னிடம் நீட்டினாள், நான் படித்ததும் வாங்கிக்கொண்டாள்.

அப்பாவிடம் அவளே சொன்னாள். "விடும்மா, இங்க என்ன குறைச்சல்" என்றார். அன்று அவர் வழக்கத்தைவிட இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார். கல்லுக்கு முன்னால் நின்றவள் அக்கா. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

எனக்கும் மனதில் ஒரு மூலையில் பாரம் இறங்கியது. அக்கா போன பிறகு அப்பாவின் காலை யார் பார்ப்பது என்ற கணக்கு அதுவரை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பட்டியல் போட்டபோது அது என் கையை இழுத்ததா என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அக்கா அதைக் கேட்கவில்லை. "உன் மேல தப்பு இல்லடி, பரீட்சை எழுதினது நான்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

இப்போது நிலைமை இதுதான். ஏஜென்சி அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. தேறிய மூன்று பகுதிகளின் மதிப்பெண் அடுத்த ஜூன் வரை செல்லும். அதற்குள் எழுதுவதில் தேறினால் வேறு மருத்துவமனைக்கு முயலலாம். அக்கா இன்னும் பதிவு செய்யவில்லை. செய்யச் சொல்லி ஒரு முறை கேட்டேன், பார்க்கலாம் என்றாள். இரண்டாம் முறை நான் கேட்கவில்லை.